கம்பெனி பீரோவும் பிள்ளைகளின் புத்தியும்

இப்போது நம் நாட்டில் பெரிய பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் ஒரு புதிய கவலை பிறந்திருக்கின்றது. அதாவது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அதிலும் 13 வயதைத் தாண்டி வாலிபத்தில் கால் வைக்கும் பிள்ளைகள், செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கதையும் கவிதையும் நாவலும் படிக்க வேண்டும் என்பதாம். அதற்காகப் புத்தகம் கொடுக்கின்றார்கள், பீரோ கொடுக்கின்றார்கள், போட்டி வைத்துப் பரிசு கொடுக்கின்றார்கள், இவ்வளவும் கொடுத்துவிட்டு மேடையில் நின்று படமும் எடுத்துக் கொள்ளுகின்றார்கள். இதைப் பற்றி நமது அபிப்பிராயம் என்னவென்று தோழர்கள் பலர் கேட்கின்றார்கள்.

ஒரு சாரார், "முதலாளி கொடுப்பது எதுவானாலும் விஷம், தொடவே கூடாது" என்கின்றார்கள். மற்றொரு சாரார், "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டியதுதானே" என்கின்றார்கள். இவ்விரண்டையும் நாம் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஓட்டி வந்தால் நஷ்டம் ஒரு மாட்டோடு போகும். ஆனால் இங்கே பேச்சு மாட்டைப் பற்றியதல்ல. நம் பிள்ளைகளின் புத்தியைப் பற்றியது. ஆகையால் பணத்தை வாங்கலாம், கும்பிடு போடக் கூடாது, எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் பணத்துக்கு விற்கக் கூடாது என்பதே நமது அபிப்பிராயம். அதற்குக் காரணங்களைச் சொல்லுகின்றோம்.

நாம் கண்ட பீரோ

சென்ற மாதம் கூட்டத்தில் பேசுவதற்காக ஒரு தாலுக்கா ஊருக்குப் போயிருந்தோம். கூட்டம் மாலையில். பகலில் ஒரு தோழர், தாம் படித்த அரசாங்கத்துப் பள்ளிக்கூடத்தைக் காட்டுவதாய் அழைத்துப் போனார். தலைமை உபாத்தியாயரின் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு பீரோ ஒன்று இருந்தது. ஒரு கம்பெனி கொடுத்ததாம். பீரோவின் நெற்றியில் கம்பெனியின் பெயர், நாமம் போட்டதுபோல், ஒரு முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. கண்ணாடி வழியாகப் புத்தகங்களின் முதுகைப் படித்துப் பார்த்தோம். பணக்காரனாவது எப்படி என்பது பற்றி ஏழெட்டு. வெற்றி பெறுவது எப்படி என்பது பற்றிப் பத்துப் பன்னிரண்டு. ராமாயண பாரதச் சுருக்கங்கள் படத்தோடு ஒரு வரிசை. கம்பெனியை ஆரம்பித்தவரின் ஜீவிய சரித்திரம் மாத்திரம் 20 பிரதிகள். பீரோ பூட்டியிருந்தது.

அங்கே நின்ற ஒரு பெண் பிள்ளை 9ஆவது படிப்பதாய்ச் சொன்னாள். "இதில் எதையம்மா படித்திருக்கின்றாய்?" என்று கேட்டோம்.

"பீரோ தொறந்த அன்னைக்கு ஆளுக்கொரு புக்கு கையில குடுத்து போட்டோ எடுத்தாங்க ஐயா. அப்புறம் வாங்கி உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க" என்றாள்.

"அப்படியானால் நீ எதைப் படிப்பாய்?"

"வடை மடிச்சுக் குடுக்கிற பேப்பரைப் படிப்பேன். கதை பாதிதான் இருக்கும். மீதிய நானே நெனச்சுக்குவேன்."

தலைமை உபாத்தியாயரைக் கேட்டோம். அவரைக் குறை சொல்லுவதற்கில்லை. "புத்தகம் காணாமல் போனால் என்னைத்தானே கணக்குக் கேட்பார்கள்? புத்தகசாலைக்கென்று ஒரு ஆளும் இல்லை. நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

சாமியைக் கர்ப்பக்கிரகத்தில் பூட்டி வைத்துவிட்டு, நீ எட்டி நின்று கும்பிடு என்பதற்கும், புத்தகத்தைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்துவிட்டு, நீ எட்டி நின்று பார் என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். வேதம் காதில் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று தர்ம சாஸ்திரம் எழுதி வைத்த நாட்டில், எத்தனையோ தலைமுறை கழித்து எழுத்தறிவு பெற்ற குடும்பத்துப் பெண், பொட்டலக் காகிதத்தில் பாதிக் கதை படிக்கின்றாள். அவளுக்கு 5 அடி தூரத்தில் புத்தகம் இருக்கின்றது. நடுவில் ஒரு கண்ணாடியும், ஒரு பூட்டும், ஒரு கம்பெனியின் பெயரும் நிற்கின்றன.

இது தர்மமா?

முதலாவதாக, இதைத் தர்மம் என்று பேசுவதே தப்பு. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு என்ன சொல்லுகின்றது? 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி ரூபாய் வருஷ வரவுசெலவோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தின 3 வருஷத்து நிகர லாபத்தின் சராசரியில் 100க்கு 2 பங்காவது சமுதாயக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்கின்றது. 2014 ஏப்ரல் முதல் இது அமலில் இருந்து வருகின்றது. எந்தெந்தக் காரியங்கள் என்பதற்கு அச்சட்டத்திலேயே 7ஆவது அட்டவணை இருக்கின்றது. அதில் கல்வியும் இருக்கின்றது. பொதுப் புத்தகசாலைகள் அமைப்பதும் பெயர் சொல்லியே இருக்கின்றது. அதுமாத்திரமல்ல, தன் சரக்குக்கு விளம்பரம் தேடிக்கொள்ளும் உத்தேசத்தோடு கொடுக்கும் பணம் இந்தக் கணக்கில் சேராது என்று 2021இல் திருத்திய விதிகள் தெளிவாகச் சொல்லுகின்றன. அப்படியிருக்க, பீரோவின் நெற்றியில் ஒரு முழ நீள நாமம் எதற்கு?

லாபம் எங்கிருந்து வந்தது? ஆலையில் உழைத்தவனின் வியர்வையில் இருந்தும், சோப்பும் பற்பசையும் வாங்கினவனின் மடியில் இருந்தும் வந்தது. அந்தப் பெண்ணின் தகப்பனும் அந்தச் சோப்பை வாங்கியிருப்பான். அந்த லாபத்தில் 100க்கு 98 பங்கைக் கம்பெனியிடமே விட்டுவிட்டு, 2 பங்கைச் சமுதாயத்துக்குச் செலவு செய் என்று சட்டம் சொன்னால், அதற்குப் பெயர் தர்மமா? வீட்டு வரி கட்டுகிறவனை யாராவது தர்மப்பிரபு என்று மாலை போட்டு அழைக்கின்றார்களா?

சட்டத்துக்கு மேலேயே மனமாரக் கொடுக்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பாராட்டுகின்றோம். கும்பாபிஷேகத்துக்கும், சாமிக்குத் தங்கக் கவசத்துக்கும் கொடுக்கின்ற பணக்காரனைவிடப் புத்தகத்துக்குக் கொடுக்கின்ற பணக்காரன் ஆயிரம் மடங்கு மேலானவன். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாராட்டு வேறு, அடிமைப்பட்ட நன்றி வேறு.

ஒரு கோடீஸ்வரனின் கதை

பணக்காரன் புத்தகசாலை கட்டும் கதை புதிதல்ல. அமெரிக்காவில் ஆண்ட்ரூ கார்னிகி என்று ஒருவன் இருந்தான். 1835இல் ஸ்காட்லாந்தில் ஒரு கைத்தறி நெசவாளிக்குப் பிறந்தவன். நீராவித் தறி வந்து கைத்தறியின் பிழைப்பைக் கெடுத்தது. 1848இல் குடும்பமே அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று. பையன் பஞ்சாலையில் வாரத்துக்கு 1 டாலர் 20 சென்ட் கூலிக்கு வேலை செய்தான். அந்த ஊரில் ஆண்டர்சன் என்ற ஒருவர் தமது சொந்தப் புத்தகங்களை வேலைக்காரச் சிறுவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்து வந்தார். அதைப் படித்து வளர்ந்த பையன் பின்னால் எஃகு ஆலை முதலாளியாகிக் கோடி கோடியாகச் சம்பாதித்து, உலகத்தில் 2,500க்கு மேற்பட்ட புத்தகசாலைகளைக் கட்டிக் கொடுத்தான். இது உண்மை. இதற்காக அவனைப் புகழாதவர்கள் இல்லை.

ஆனால் கதையின் மறுபக்கமும் உண்மைதான். 1892இல் அவனுடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளிகள் நின்றார்கள். கம்பெனி வாடகைக்குத் துப்பாக்கிக்காரர்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிற்று. சண்டையில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. தொழிற்சங்கம் ஒடுக்கப்பட்டது. அதன் பிறகு ஆட்கள் நாளொன்றுக்கு 12 மணி நேரம் கொதிக்கும் உலை முன் நின்றார்கள். 1898இல் அதே ஊரில் கார்னிகியின் அழகான புத்தகசாலை திறக்கப்பட்டது. 12 மணி நேரம் உலையில் வெந்தவன் வீட்டுக்குப் போய் விழுந்து தூங்குவானா, புத்தகசாலைக்குப் போய் நாவல் படிப்பானா? நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுப்பது, நாக்கை அறுத்துவிட்டுத் தேன் கொடுப்பதற்குச் சமானம்.

அப்படிப்பட்ட கார்னிகிக்குக்கூட இரண்டு விஷயத்தில் புத்தி இருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. அவன் கட்டடத்துக்குத்தான் பெரும்பாலும் பணம் கொடுத்தான். உள்ளே என்ன புத்தகம் வைப்பது என்பதை அந்தந்த ஊரார் பார்த்துக் கொண்டார்கள். இரண்டாவதாக, ஊர் நிலம் கொடுக்க வேண்டும், தான் கொடுத்த தொகையில் 100க்கு 10 பங்கை வருஷந்தோறும் ஊரே வரிப்பணத்தில் இருந்து புத்தகசாலைக்குச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டான். அதாவது, ஒரு பணக்காரனின் தயவில் மாத்திரம் புத்தகசாலை நிலைக்காது, பொதுப்பணத்தில்தான் நிலைக்கும் என்பது அந்தப் பணக்காரனுக்கே தெரிந்திருந்தது.

நம் நாட்டிலும் இது தெரியாததல்ல. 1948லேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. சொத்து வரியோடு நூலக வரி என்று நாம் ஒவ்வொருவரும் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றோம். 1958 முதல், காமராசர் முதன்மந்திரியாகவும், பகுத்தறிவாளரான நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, ஊர் ஊராய்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஊரார் பெஞ்சியும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் ஆரம்பித்த "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டமும் கம்பெனிகளும் பழைய மாணாக்கர்களும் உதவுவதற்கு வழி செய்கின்றது. கொடுப்பது தப்பல்ல. ஆனால் ஊரான் தன் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் மறுநாளும் அந்தத் தெரு வழியே போவான். பெஞ்சி என்ன ஆயிற்று என்று கேட்பான். படம் எடுத்துக்கொண்டு பட்டணம் போய்விட்ட கம்பெனி பீரோவின் சாவியைப் பற்றிக் கேட்குமா?

பரிசும் மோட்சமும்

நிற்க. பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பரிசு கொடுக்கும் சங்கதிக்கு வருவோம். அமெரிக்காவில் பிட்ஸா ஹட் என்ற கம்பெனி 1984இல் ஒரு திட்டம் ஆரம்பித்தது. சிறு பிள்ளைகள் மாதத்துக்கு இவ்வளவு படித்தால் ஒரு பிட்ஸா இனாம். கேட்க நன்றாய்த்தான் இருக்கின்றது. ஆனால் அதற்கு முன்னமேயே, 1973இல், லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று மனோதத்துவ அறிஞர்கள் சிறு குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார்கள். படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று ஆசை காட்டிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் விட்டுப் பார்த்தபோது, ஆசை காட்டப்பட்ட குழந்தைகள் மற்றக் குழந்தைகளைக் காட்டிலும் குறைவாகவே வரைந்தன. முன்பு ஆசைக்காக வரைந்த குழந்தைக்கு, இப்போது சான்றிதழ் இல்லாமல் வரைவது வீண் வேலையாய்ப் போய்விட்டது.

இதில் ஆச்சரியம் என்ன இருக்கின்றது? மோட்சம் கிடைக்கும் என்று பிச்சை போடுகிறவனுக்கு ஏழையின் பசி எப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லையோ, அப்படியே பரிசு கிடைக்கும் என்று படிக்கின்றவனுக்குப் புத்தகத்தில் உள்ள மனிதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. கூலிக்கு மாரடிப்பதைப் பிள்ளைகளுக்கு வேறு யாராவது கற்றுக் கொடுத்துவிட்டுப் போகட்டும்; பள்ளிக்கூடம் கற்றுக் கொடுக்க வேண்டாம்.

எந்தப் புத்தகம்?

இதுதான் முக்கியமான கேள்வி. நம்மவர் பிள்ளைகளுக்கு இலக்கியம் எதற்கு, ஏதாவது கைத்தொழில் சொல்லிக் கொடுத்தால் போதாதா என்று கேட்கின்ற பெரிய மனிதர்கள் இன்னமும் இருக்கின்றார்கள். 1953இல் ராஜகோபாலாச்சாரியார் பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் அப்பன் தொழில் என்று கொண்டு வந்ததும் இந்தப் புத்தியில்தான். 1954இல் அது ஒழிந்தது. புத்தி மாத்திரம் ஒழியவில்லை. பணக்காரன் பிள்ளைக்கு நாவலும் நாடகமும், ஏழை பிள்ளைக்குத் தையலும் வெல்டிங்கும் என்பது இன்றைக்கும் நடக்கின்றது. கைத்தொழில் கேவலமல்ல. ஆனால் கை மாத்திரம் வளர்ந்து கேள்வி கேட்கும் மூளை வளராமல் இருந்தால் லாபம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

15 வயதுப் பையன் ஒருவன், தன் குடும்பத்துக்குக் கொடுமை செய்தவனை வெட்டிவிட்டுத் தகப்பனோடு காட்டில் ஒளிந்து திரிவதைப் பூமணி 1982இல் "வெக்கை" என்ற நாவலாக எழுதினார். தாழ்த்தப்பட்ட ஜாதியில் பிறந்த ஒரு பெண், தன் ஜீவியத்தைத் தன் ஊர்ப் பேச்சிலேயே 1992இல் எழுதினார். அது பாமாவின் "கருக்கு". ஊர்த் துணி வெளுக்கும் ஒரு தாயின் பாட்டை இமையம் 1994இல் "கோவேறு கழுதைகள்" என்று எழுதினார். இவற்றைப் படிக்கும் பிள்ளை, நம் தெருவும் புத்தகத்தில் வருமா என்று முதலில் திகைக்கும். பிறகு, இது ஏன் இப்படி இருக்கின்றது என்று கேட்கும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இலக்கியம் படிக்கச் சொல்லுகின்றோம்.

எல்லா ஜாதிக்காரனுக்கும் சோப்பு விற்க வேண்டிய கம்பெனி இப்புத்தகங்களைப் பீரோவில் வைக்குமா? யார் மனமும் புண்படக் கூடாதே என்று அதற்குப் பயம். டில்லி சர்வகலாசாலையே 2021இல் பாமாவின் எழுத்தையும் கவிஞர் சுகிர்தராணியின் கவிதைகளையும் பாடத்திட்டத்தில் இருந்து எடுத்துவிட்டது. அறிவுக்கென்றே ஏற்பட்ட இடத்தின் யோக்கியதையே இப்படியானால், லாபத்துக்கென்று ஏற்பட்ட இடத்திடம் நாம் தைரியத்தை எதிர்பார்ப்பது பைத்தியக்காரத்தனம் அல்லவா?

அதே சுகிர்தராணி 2023 பிப்ரவரியில் என்ன செய்தார்? ஒரு பத்திரிகைக் குழுமம் அவருக்கு விருது அறிவித்தது. அவ்விழாவுக்கு முக்கியமாய்ப் பணவுதவி செய்வது அதானி குழுமம் என்று தெரிந்ததும், அது தமது கொள்கைக்கு ஒவ்வாது என்று சொல்லி விருதை வேண்டாம் என்றார். தமிழாசிரியையாக வேலை பார்த்துத் தன் காலில் நின்றவர். ஆகவே வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. ஆனால் 9ஆவது படிக்கும் பெண் பிள்ளையால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? தலைமை உபாத்தியாயரும், கல்வி அதிகாரியும், கம்பெனிக்காரரும் சேர்ந்து நிற்கும் மேடையில், கையில் கொடுத்த புத்தகத்தை அவள் மறுக்க முடியுமா? அவளுக்காக நிபந்தனை பேச வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

அப்படியானால் நமது இயக்கப் புத்தகங்களை மாத்திரம் வைக்க வேண்டும் என்கின்றோமா? ஒருக்காலும் இல்லை. அப்படிச் சொன்னால் கம்பெனிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? கம்பராமாயணமும் இருக்கட்டும். பிள்ளைகள் அதைக் கும்பிட்டுக்கொண்டு படிக்காமல், கேள்வி கேட்டுக்கொண்டு படித்தால் போதும். நாம் சொல்லுவதையும் அப்படியே கேள்வி கேட்கட்டும். பதில் சொல்ல யோக்கியதை இருந்தால் நிற்போம், இல்லாவிட்டால் போகட்டும்.

என்ன செய்ய வேண்டும்?

கம்பெனி பணம் வந்தால் வாங்குங்கள். ஆனால் இந்த நிபந்தனைகளோடு வாங்குங்கள்.

முதலாவது, புத்தகங்களை உபாத்தியாயர்களும் பிள்ளைகளும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஜாபிதாவில் கம்பெனி ஒரு பெயரைச் சேர்க்கவும் கூடாது, ஒரு பெயரை அடிக்கவும் கூடாது.

இரண்டாவது, பெயர்ப்பலகை வேண்டாம். நன்றிக் கடிதம் ஒன்று தபாலில் போகட்டும். பிள்ளைகளைக் கைகட்டி நிற்க வைத்துப் படம் எடுப்பது கூடவே கூடாது. பிச்சை வாங்கும் பழக்கத்தையும் படிக்கும் பழக்கத்தையும் ஒரே நாளில் கற்றுக் கொடுத்தால் முதலாவதுதான் நிலைக்கும்.

மூன்றாவது, புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும். கிழிந்தால் கிழியட்டும். கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். பளபளவென்று இருப்பது யாரும் தொடாத புத்தகம். தொலைந்ததற்கு உபாத்தியாயர் தலையை உருட்டுவதையும் சர்க்கார் நிறுத்த வேண்டும்.

நான்காவது, நேரம் வேண்டும். கால அட்டவணையில் புத்தகசாலைக்கென்று எழுதியிருக்கும் மணியைக் கணக்குக்கும் பரீட்சைக்கும் பிடுங்கிக் கொள்ளுகின்றார்கள். 10ஆவதும் 12ஆவதும் படிக்கும் பிள்ளைகள் காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் டியூஷன் என்று வாட்டப்படுவது அந்த எஃகு உலைக்கு இளைத்ததல்ல. வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது மார்க்கு இல்லாமல், பரீட்சை இல்லாமல், பரிசு இல்லாமல் படிக்க விட வேண்டும்.

ஐந்தாவது, கம்பெனி கொடுக்கின்றது என்று சர்க்கார் தன் கையை மடக்கிக்கொள்ள விடக் கூடாது. லாபம் குறைந்த வருஷம் கம்பெனியின் 2 பங்கும் குறையும். நம் பிள்ளைகளின் வயது நிற்காது. புத்தகசாலைக்கு ஆள் போடுவது சர்க்காரின் கடமையே ஒழியக் கம்பெனியின் தயவல்ல.

இதையெல்லாம் யார் கேட்பது என்று சொல்லாதீர்கள். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஏற்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுவில் 4இல் 3 பங்கு பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். நீங்கள்தான் அந்தக் குழு. கூட்டத்துக்குப் போகாமல், கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிட்டு, பிறகு நாடு கெட்டுவிட்டது என்று டீக்கடையில் பேசுவதால் பயனில்லை.

தோழர்களே! நம்மில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம். சலூன் கடை பெஞ்சியிலும் இயக்கப் படிப்பகத்திலும் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுக் கற்றதே அதிகம். அங்கே கண்ணாடிக் கதவு இல்லை, பூட்டு இல்லை, யாருக்கும் கும்பிடு போடவில்லை. ஆகையால்தான் கேள்வி கேட்கக் கற்றோம்.

அந்தப் பெண் பாதிக் கதையைப் படித்துவிட்டு மீதியைத் தானே நினைத்துக் கொள்ளுகின்றாள். அவளுக்குப் புத்தி இல்லை என்றோ, படிக்கும் ஆசை இல்லை என்றோ, அதை ஊட்டுவதற்கு ஒரு கம்பெனி வர வேண்டும் என்றோ எவன் சொன்னாலும் நாம் நம்ப மாட்டோம். அவளுக்கு இல்லாதது மீதிக் கதை மாத்திரம்தான். ஆகவே, வருகின்ற வாரம் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். புத்தக பீரோ இருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால், யார் கொடுத்தது என்று கேட்க வேண்டாம். சாவி எங்கே என்று கேளுங்கள்.